நிறுத்து என்றால் நின்றுவிடுமா?

வலைத்தளங்களிலிருந்து தகவலைத் தானாக எடுத்துவரும் நிரல்களான ஸ்க்ரேப்பர்களைக் கட்டுப்படுத்த ஒரு வெப் இடைமுகம் வரைந்து காட்டுங்கள் என்று எந்த டெவலப்பரிடம் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே படம்தான் வரும். ஒரு பக்கம் ஸ்பைடர்களின் (ஒவ்வொரு தளத்துக்கும் எழுதும் ஸ்க்ரேப்பர்களின்) பட்டியல், ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு ‘ஓட்டு’ பொத்தான், ஒரு ‘நிறுத்து’ பொத்தான், பக்கத்தில் பச்சையாகவோ சிவப்பாகவோ ஒரு வட்டம், கீழே ஓடிக்கொண்டிருக்கும் லாக், அதாவது நடப்பதைப் பதியும் குறிப்பு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு வாரத்தில் கட்டியும் விடலாம். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் உறுத்தல், அது என்னோடு வேலை செய்த ஒருவர் கேட்ட சின்னக் கேள்வியிலிருந்து வந்தது.

அவர் டேட்டா பக்கம். நிரல் எழுத மாட்டார், ஆனால் எந்தத் தளத்திலிருந்து எது வர வேண்டும், எது வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஏற்கெனவே யாரோ கட்டி வைத்திருந்த ஒரு டாஷ்போர்டு வழியாக அவரே ஸ்பைடர்களை ஓட்டுவார், நிறுத்துவார். புதிய இடைமுகம் ஒன்றை வடிவமைக்கும் வேலை என்னிடம் வந்தபோது முதலில் அவரிடம்தான் பேசப் போனேன். பேசிக்கொண்டே ஒரு வேலையை நிறுத்தினார், திரையில் ‘நிறுத்தப்பட்டது’ என்று வந்தது, அதைப் பார்த்த பிறகும் என் பக்கம் திரும்பி, “நிறுத்திட்டேன், நின்னுடுச்சா?” என்று கேட்டார்.

திரையே சொல்கிறதே என்றேன். “அது எப்பவும் அப்படித்தான் சொல்லும். ஆனா ஃபைல் இன்னும் வளர்ந்துக்கிட்டே இருக்கும்” என்றார். உண்மைதான், ஸ்பைடர் எழுதும் கோப்பு வளர்ந்துகொண்டேதான் இருந்தது.

ஏன் என்று தேடிப் போனால், எந்தப் பாகமும் கெட்டுப்போகவில்லை. ஸ்க்ரேப்பி என்ற பைத்தான் கருவியில் எழுதிய ஸ்பைடர்களை ஸ்க்ரேப்பிடி என்ற சர்வர் ஓட்டுகிறது, டாஷ்போர்டு அதன் ஏபிஐயிடம் (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழியிடம்) ‘இந்த வேலையை ரத்து செய்’ என்று சொல்கிறது. அதற்கு வரும் பதிலில் இரண்டே விஷயங்கள் முக்கியம்: ‘ஓகே’ என்ற நிலை, அப்புறம் ‘முந்தைய நிலை: ஓடிக்கொண்டிருந்தது’ என்ற தகவல். கவனித்துப் பாருங்கள், இப்போதைய நிலை என்ன என்று அந்தப் பதில் சொல்லவே இல்லை. சொல்லவும் முடியாது, ஏனென்றால் அது ப்ராசஸுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் அந்த நிரலுக்கு, ‘முடித்துக்கொள்’ என்று ஒரு சிக்னல் அனுப்பியதோடு தன் வேலையை முடித்துக்கொண்டது. சிக்னல் கிடைத்த ஸ்க்ரேப்பி, முறையாக மூட ஆரம்பிக்கும். புதிய கோரிக்கைகளை எடுக்காது, ஆனால் ஏற்கெனவே அனுப்பிய கோரிக்கைகளுக்குப் பதில் வரும்வரை காத்திருக்கும், வந்த பதிவுகளை பைப்லைனில் தள்ளி எழுதி முடிக்கும். எதிரிலிருக்கும் சர்வர் பதில் சொல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தால், ஸ்க்ரேப்பியின் இயல்பான காத்திருப்பு வரம்பு 180 விநாடி. அதாவது பொத்தானை அழுத்திய பிறகும் மூன்று நிமிடம் அந்தப் ப்ராசஸ் உயிரோடு இருப்பது முற்றிலும் இயல்பான நடத்தை. அந்த டாஷ்போர்டோ ‘ஓகே’ வந்த கணமே ‘நிறுத்தப்பட்டது’ என்று எழுதிவிடுகிறது.

விளக்கு எதைக் காட்டுகிறது

1979 மார்ச் 28 அன்று பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்த விபத்தைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது உடனே நினைவுக்கு வரும். அழுத்தத்தை வெளியேற்ற ஒரு வால்வு திறந்தது, மூடிக்கொள்ள வேண்டிய நேரத்தில் மூடாமல் மாட்டிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கு ஒரு விளக்கு இருந்தது, அது அணைந்தும் விட்டது. ஆனால் அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை, வால்வை மூடச் சொல்லும் மின் சமிக்ஞை அனுப்பப்பட்டுவிட்டது என்பதை மட்டுமே காட்டியது. விளக்கு அணைந்துவிட்டது, ஆகவே வால்வு மூடிவிட்டது என்று பணியில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. உலையின் மையப்பகுதி ஓரளவு உருகியது.

ஒரு ஸ்க்ரேப்பர் டாஷ்போர்டை அணு உலையோடு சேர்த்துப் பேசுவது விளைவுகளின் அளவில் பொருந்தாது, எனக்கும் தெரியும். ஆனால் கோளாறின் வடிவம் அப்படியே அதேதான்: நாம் சொன்னதைத் திரை காட்டுகிறது, நாம் அதை நடந்ததாகப் படிக்கிறோம். இதை ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு எல்லா டாஷ்போர்டுகளிலும் கண்ணில் படும்.

அதனால் என் முதல் முடிவு, ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு நிலைகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்வது. நாம் என்ன கேட்டோம் என்பது ஒன்று, உண்மையில் என்ன தெரிகிறது என்பது இன்னொன்று. முதலாவதை டாஷ்போர்டு எழுதலாம். இரண்டாவதை டாஷ்போர்டு தொடவே கூடாது, ஓடுகிற ப்ராசஸ் தானாக அனுப்பும் செய்தியிலிருந்து மட்டுமே அது மாற வேண்டும். கேட்டதும் தெரிவதும் ஒத்துப்போகாத இடைவெளியில், ‘நிறுத்தச் சொல்லியாகிவிட்டது, இன்னும் 6 பதில்களுக்குக் காத்திருக்கிறது’ என்று அந்த இடைவெளியையே திரையில் போட வேண்டும். அந்த எண் ஆறு, நான்கு, ஒன்று என்று இறங்குவதைப் பார்க்கிறவர் ‘நிறுத்து’வைத் திரும்பத் திரும்ப அழுத்த மாட்டார். இது வெறும் சௌகரியத்துக்காகச் சொல்வதல்ல. ஸ்க்ரேப்பியில் முதல் சிக்னல் முறையான மூடல், இரண்டாவது சிக்னல் போனால் பாதியில் விட்டுவிட்டு வெளியேறிவிடும், கையில் இருந்த பதிவுகள் போய்விடலாம். பதில் தெரியாததால் பொறுமை இழந்து அழுத்தும் இரண்டாவது க்ளிக்தான் டேட்டாவைக் கெடுக்கிறது. ஆகவே ‘உடனே கொல்’ என்பது வேறு இடத்தில், வேறு பெயரில், என்ன இழப்பு என்று சொல்லிவிட்டுச் செய்யும் வேறொரு செயலாக இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் உண்டு. நினைவகம் தீர்ந்து இயங்குதளமே ஒரு ப்ராசஸைக் கொன்றுவிட்டால், ‘நான் செத்துவிட்டேன்’ என்று எழுத அதற்கு வாய்ப்பே கிடைக்காது. டேட்டாபேஸில் ‘ஓடுகிறது’ என்பது அப்படியே நின்றுவிடும், நாள்கணக்கில். அதனால் ‘ஓடுகிறது’ என்ற சொல்லையே நான் எடுத்துவிட்டு, ‘கடைசிச் செய்தி 4 விநாடி முன்பு’ என்று போட்டேன். அந்த நேரம் ஒரு வரம்பைத் தாண்டினால் நிலை ‘தெரியவில்லை’ என்று மாறும். இந்தத் ‘தெரியவில்லை’யைத் திரையில் வைக்க நிறைய வாதாட வேண்டியிருந்தது, ஏனென்றால் பார்ப்பவர்களுக்கு அது இடைமுகத்தின் குறைபாடு மாதிரி தோன்றும் என்றார்கள். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லும் திரையைத்தான் நான் நம்புவேன். இதே காரணத்துக்காக, பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவே இணைப்பு அறுந்துபோனால் முழுத் திரையும் சாம்பல் நிறத்துக்குப் போக வேண்டும். இரவெல்லாம் திறந்து கிடந்த பிரவுசர் டேபில் பழைய பச்சை வட்டங்கள் அப்படியே மின்னிக்கொண்டிருப்பதைவிட ஆபத்தான காட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அவர் எங்கே பார்த்தார்

இதெல்லாம் சரி. ஆனால் இடைமுகத்தைப் பற்றிய என் எண்ணத்தை உண்மையில் புரட்டிப் போட்டது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். வேலையை ஓட்டிவிட்டார். வட்டம் பச்சை ஆனது. அதற்கப்புறம் அவர் டாஷ்போர்டைப் பார்க்கவே இல்லை. வேறொரு ஜன்னலில் வெளியீட்டுக் கோப்பைத் திறந்தார், கடைசி வரிக்குப் போனார், அங்கே வந்திருந்த பதிவை நிதானமாகப் படித்தார். கொஞ்ச நேரம் கழித்து மூடித் திறந்து மறுபடி கடைசி வரி. இப்படியே செய்துகொண்டிருந்தார். ஒரு கட்டத்தில், “இதை நிறுத்திடலாம், விலை வரல” என்றார். டாஷ்போர்டில் எல்லாம் பச்சை. லாகில் ஒரு பிழைகூட இல்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் 200, அதாவது ‘வெற்றி’ என்ற எச்டிடிபி பதில் எண், வந்துகொண்டிருந்தது. ஆனால் தளத்துக்காரர்கள் விலை இருந்த இடத்தை ஸ்பைடர் அடையாளம் காணும் க்ளாஸ் பெயரை மாற்றிவிட்டிருந்தார்கள், ஸ்பைடர் ஒவ்வொரு பொருளையும் ஒழுங்காக எடுத்து, விலை இல்லாமல் எழுதிக்கொண்டிருந்தது.

அவரைப் பொறுத்தவரை ப்ராசஸ் ஓடுகிறதா என்பது ஒரு கேள்வியே இல்லை. ‘இது கடைசியாக எனக்கு என்ன கொண்டுவந்தது, எப்போது கொண்டுவந்தது’ என்பதுதான் கேள்வி. ஸ்க்ரேப்பரின் நிலை என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது இயந்திரத்தின் நிலை, அவருக்கு வேண்டியது விளைச்சலின் நிலை. இரண்டும் ஒன்றாக இருந்தால் பிரச்சினையே இல்லை, ஆனால் ஸ்க்ரேப்பிங்கில் அவை பிரிந்து போவதுதான் வழக்கம். எதிரிலிருக்கும் தளம் நம் கட்டுப்பாட்டில் இல்லை, நமக்குச் சொல்லாமல் மாறும். குக்கி அனுமதி கேட்கும் பக்கம் 200 என்றுதான் வரும். ‘நீங்கள் மனிதர்தானா’ என்று கேட்கும் பக்கமும் பல நேரம் 200 என்றே வரும். எச்டிடிபி அளவில் எல்லாம் வெற்றி.

இதைவிட மோசமானது ‘முடிந்தது’ என்ற நிலை. ஒரு ஸ்பைடர் ஏன் முடிந்தது என்று ஸ்க்ரேப்பி ஒரு காரணம் எழுதி வைக்கும், இயல்பாக முடிந்தால் ‘ஃபினிஷ்ட்’ என்று. அதன் பொருள், எடுப்பதற்கு இனி கோரிக்கை எதுவும் மிச்சமில்லை என்பது மட்டும்தான். முதல் பக்கத்திலேயே அடுத்த பக்கங்களுக்கான இணைப்புகள் கிடைக்காமல் போனால், ஸ்பைடர் அந்த ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சில விநாடிகளில் ‘ஃபினிஷ்ட்’ என்று முடியும். வழக்கமாக மணிக்கணக்கில் ஓடுகிற வேலை சில விநாடிகளில் முடிந்ததற்கும் நம் டாஷ்போர்டு ஒரு பச்சை டிக் கொடுக்கும். பிழையோடு விழுந்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள்.

ஆகவே முதல் பக்கத்தின் அமைப்பையே மாற்றினேன். ஒவ்வொரு வேலைக்கும் மேலே வருவது கடைசியாக வந்த சில பதிவுகள், அப்படியே, மனிதர் படிக்கும்படி, வந்த நேரத்தோடு. அதற்குக் கீழே ஒவ்வொரு புலமும் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று ஒரு பட்டை, பக்கத்தில் இதே ஸ்பைடர் முன்பு ஓடியபோது எவ்வளவு நிரம்பியிருந்தது என்று ஒரு கோடு. விலை வழக்கமாக 98 சதவீதம் நிரம்புகிற இடத்தில் இப்போது பூஜ்யம் என்றால் கண்ணுக்கு உடனே தெரியும், லாக் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. முந்தைய ஓட்டத்தோடு ஒப்பிடுவது முக்கியம், ஏனென்றால் எந்தப் புலம் எவ்வளவு நிரம்ப வேண்டும் என்று உலகப் பொது விதி எதுவும் கிடையாது. சில தளங்களில் தள்ளுபடி விலை நூற்றில் ஐந்து பொருளுக்குத்தான் இருக்கும், அங்கே அதுதான் சரி. ப்ராசஸ் எண், நினைவக அளவு, லாக் எல்லாம் இருக்கின்றன, ஒரு க்ளிக் உள்ளே. அவை எனக்கு வேண்டும், அவருக்கு வேண்டாம்.

வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் சதவீதப் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் கேட்பார்கள், எத்தனை சதவீதம் முடிந்தது என்று. இணைப்புகளைத் தொடர்ந்து போகிற ஸ்பைடருக்கு மொத்தம் எவ்வளவு என்று தெரியாது. வரிசையில் இருப்பது போகப் போக வளரும். 80 சதவீதம் என்று காட்டிவிட்டுப் புதிதாக ஒரு பிரிவு கிடைத்ததும் 35க்கு இறங்கும் பட்டையால் யாருக்கும் பயனில்லை. எடுத்தது எவ்வளவு, வரிசையில் இருப்பது எவ்வளவு, நிமிடத்துக்கு எவ்வளவு, இந்த மூன்று எண்கள் போதும். முன்பே கொடுத்த முகவரிப் பட்டியலை வைத்து ஓடும் வேலைக்கு மட்டும் சதவீதம் போடலாம்.

வேகம் யாருடையது

வேகக் கட்டுப்பாட்டை ஸ்பைடருக்குப் பக்கத்தில் வைப்பதுதான் இயல்பாகத் தோன்றும். நான் அதற்கு எதிர்க்கட்சி. ஸ்க்ரேப்பியின் அடிப்படை அமைப்பில் ஒரே நேரத்தில் மொத்தம் 16 கோரிக்கைகள், ஒரு தளத்துக்கு 8 என்று வரம்பு இருக்கிறது. தாமதம் வைத்தால் அதையும் கொஞ்சம் கலைத்துவிடும், 2 விநாடி என்று கொடுத்தால் 1 முதல் 3 விநாடி வரை மாறி மாறி வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்த வரம்புகள் ஒரு ப்ராசஸுக்கு உள்ளே மட்டும் செல்லும். ஸ்க்ரேப்பிடி ஒவ்வொரு வேலையையும் தனிப் ப்ராசஸாக ஓட்டுகிறது. ஒரே தளத்தைப் பார்க்கும் மூன்று ஸ்பைடர்கள் ஒரே நேரத்தில் ஓடினால், ஒவ்வொன்றும் தன் வரம்புக்குள் ஒழுக்கமாக இருந்தாலும், அந்தத் தளத்தின் மீது மூன்று மடங்கு சுமை விழும். திரையில் மூன்று தனித்தனி வரிகள், மூன்றிலும் ‘8’ என்று இருக்கும். 24 என்ற எண் எங்கேயும் இருக்காது. அந்த எண்ணைப் பார்க்கிற ஒரே ஆள் எதிர்ப்பக்கத்து சர்வரைப் பராமரிப்பவர்.

அதனால் வேகத்துக்குத் தனிப் பக்கம், அதில் வரிகள் ஸ்பைடர்கள் அல்ல, தளங்கள். இந்தத் தளத்துக்கு இப்போது எல்லாமாகச் சேர்ந்து நிமிடத்துக்கு எத்தனை கோரிக்கை போகிறது, அது எத்தனை முறை 429 என்று திருப்பியது, பதில் வர ஆகும் நேரம் கூடுகிறதா. 429 என்பது ‘நிறைய கேட்கிறாய்’ என்பதற்காகவே 2012இல் தரப்படுத்திய எண், கூடவே எத்தனை விநாடி கழித்து வா என்றும் எதிர்ப்பக்கம் சொல்ல முடியும். அப்படிச் சொன்னால் அதை ஒரு பிழையாகச் சிவப்பில் காட்டிக் குவிப்பதில் அர்த்தமில்லை, ‘இந்தத் தளம் 120 விநாடி பொறுக்கச் சொல்கிறது, பொறுத்திருக்கிறோம்’ என்று வாக்கியமாகக் காட்ட வேண்டும். தானியங்கி நிரல்கள் எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று தளம் எழுதி வைக்கும் ரோபாட்ஸ் கோப்பும் அதே வரியில் வர வேண்டும். 1994இல் மார்ட்டைன் கோஸ்டர் முன்வைத்த அந்த ஏற்பாடு 2022இல்தான் ஆர்எஃப்சி 9309 என்ற இணையத் தர ஆவணமாக முறைப்படி எழுதப்பட்டது, அதிலும் பல தளங்கள் எழுதி வைக்கிற ‘க்ரால் டிலே’ (கோரிக்கைகளுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி) சேர்க்கப்படவில்லை. தரத்தில் இல்லை என்பதற்காக அதை மதிக்காமல் போக வேண்டியதில்லை. தளத்துக்காரர் 10 விநாடி என்று எழுதியிருந்தால் அந்த 10ஐத் திரையில் காட்டி, நம் வேகம் அதைத் தாண்டும்போது பக்கத்திலேயே சொல்லிவிடலாம். அதற்குப் பிறகும் தாண்டுகிறவர் தெரிந்தே தாண்டுகிறார்.

இன்னும் ஒன்று இதே பக்கத்தில் வைத்தேன்: ஒரு தளத்துக்குப் போகும் எல்லாவற்றையும் ஒரே செயலில் நிறுத்துவது. ஓடுகிறவை மட்டுமல்ல, வரிசையில் நிற்பவை, நாளைக்கு க்ரானில், அதாவது நேரம் குறித்து வைத்த பட்டியலில், எழுந்திருக்கப் போகிறவை எல்லாம். ஒவ்வொரு ஸ்பைடராகத் தேடித் தேடி நிறுத்தினால் ஒன்று எப்படியும் விட்டுப்போகும், அது அதிகாலையில் ஓடும்.

இணைப்பாக வைக்கக் கூடாதது

சுருக்கமாக ஒரு விஷயம், ஏனென்றால் இதை இன்னும் பார்க்கிறேன். ஓட்டு, நிறுத்து, அழி, இவற்றைச் சாதாரண இணைப்புகளாக, கெட் (பக்கத்தைக் கேட்டு வாங்கும் எச்டிடிபி முறை) கோரிக்கையாக வைக்கக் கூடாது. 2005இல் கூகுள் வெப் ஆக்ஸிலரேட்டர் என்று ஒரு கருவி வந்தது, பக்கத்திலிருக்கும் இணைப்புகளை முன்கூட்டியே எடுத்து வைத்து வேகம் கூட்டும். ‘அழி’ என்பதை இணைப்பாக வைத்திருந்த வெப் செயலிகளில் அது அந்த இணைப்புகளையும் எடுக்கப் போய், பயனர்களின் டேட்டா அழிந்தது. கெட் என்பது வாங்குவதற்கு மட்டும் என்று 1999ஆம் ஆண்டின் எச்டிடிபி ஆவணமே சொல்லியிருந்தது. நம் விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. இணைப்பு கண்ட இடமெல்லாம் போகிற நிரல்களை ஓட்டுகிற இடம் இது. கடவுச்சொல் இல்லாமல் உள் நெட்வொர்க்கில் கிடக்கும் டாஷ்போர்டுக்கு ஒரு க்ராலர் வழிதவறி வந்து சேர்வது கற்பனைக்கு எட்டாத காரியம் இல்லை, வந்தால் எல்லா இணைப்பையும் அழுத்தும். மாற்றம் செய்யும் கோரிக்கைக்கு உரிய போஸ்ட் முறை, கோரிக்கை நம் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் டோக்கன், லாகின். இதில் பேரம் இல்லை.

இடைநிறுத்தம்

கடைசியாக, எனக்கு மிகவும் தலைவலி கொடுத்த பொத்தான். ‘இடைநிறுத்து’ எல்லோருக்கும் வேண்டும், வீடியோவை நிறுத்தி வைத்துவிட்டுத் திரும்ப வந்து தொடர்வது மாதிரி. ஸ்க்ரேப்பியில் அதற்கு வசதியும் இருக்கிறது, ஜாப் டைரக்டரி என்று ஒன்றைக் கொடுத்தால், மிச்சமிருக்கும் கோரிக்கைகளையும் ஏற்கெனவே பார்த்த முகவரிகளின் அடையாளங்களையும் வட்டில் எழுதி வைத்துவிட்டு, பிறகு அங்கிருந்தே தொடரும். முறையாக மூடியிருந்தால் மட்டும். ‘உடனே கொல்’லைத் தனியே ஒதுக்கி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் நாம் நின்றாலும் தளம் நிற்பதில்லை. லாகின் தேவைப்படும் தளத்தில் குக்கி காலாவதியாகிவிடும், தொடரும்போது மிச்சமிருக்கும் அத்தனை கோரிக்கைகளும் லாகின் பக்கத்தையே கொண்டுவரும், அதுவும் 200 என்று. புதியவை முதலில் வரும் பட்டியலில் 40ஆம் பக்கத்தில் விட்டோம் என்று வைத்துக்கொள்வோம். சில மணி நேரத்தில் புதிய பதிவுகள் சேர்ந்து எல்லாம் கீழே தள்ளப்பட்டிருக்கும். 41இல் தொடர்ந்தால் ஏற்கெனவே எடுத்தவற்றில் சில திரும்ப வரும், அதோடு நாம் தூங்கிய நேரத்தில் மேலே சேர்ந்தவை வரவே வராது. இடையில் சில பதிவுகள் நீக்கப்பட்டிருந்தால் எல்லாம் மேலே நகர்ந்து, நடுவில் கொஞ்சம் சத்தமில்லாமல் விட்டுப்போகும். கோப்பைப் பார்த்து இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது, என் நண்பரின் கண்ணுக்குக்கூட.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பது தளத்துக்குத் தளம் மாறும், அதை அறிந்த ஒரே ஆள் ஸ்பைடரை எழுதியவர். ஆகவே அந்த வரம்பை அவரே ஸ்பைடரின் நிரலில் எழுத வேண்டும் என்று வைத்தேன், இந்த வேலையை 20 நிமிடம் நிறுத்தி வைக்கலாம், இதை ஒரு நாள்கூட வைக்கலாம் என்று. இடைநிறுத்தினால் திரையில் மிச்ச நேரம் இறங்கிக்கொண்டே வரும். தீர்ந்த பிறகு ‘தொடர்’ மறைந்து ‘முதலிலிருந்து ஓட்டு’ மட்டும் நிற்கும். இது கெடுபிடி என்று சில டெவலப்பர்கள் சொல்கிறார்கள், வரம்பு எழுத நேரமில்லை, இயல்பாக ஒரு மணி நேரம் என்று வைத்துவிடலாமே என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை, அந்த ஒரு மணி நேரத்தை யாரும் யோசித்து வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் திரையில் பார்க்கிறவர் யாரோ யோசித்து வைத்ததாகத்தான் எடுத்துக்கொள்வார். வரம்பு எழுதாத ஸ்பைடருக்கு இப்போதைக்கு அந்தப் பொத்தானே வராது.